வாயால் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்: கண்காணிப்புக்குச் சட்டத்தில் எல்லை எங்கே இருக்கிறது?

நாகலூர் மிளகுக்கொடி எழுதியது:

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தை ஒட்டி நான்கு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறேன். இங்கே இதுவரை மிளகு விலையும் காட்டெருமைத் தொல்லையும்தான் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு வேறு விஷயம்.

கோடை விழா முடிந்த வாரம் ஒரு போன் வந்தது. காவல் நிலையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார்கள். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். அந்த மாதம் தங்கியவர்கள் அத்தனை பேருடைய ஆதார் நகலும், வாசல் கேமராவின் பத்து நாள் பதிவும் வேண்டுமாம். நகலை வாட்ஸ்அப்பில் போடுங்கள், பதிவைக் கொடுத்தனுப்புங்கள் என்றார்கள். என்ன வழக்கு, யாரைத் தேடுகிறார்கள், எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாளைக்கு நம் வீட்டில் ஒரு திருட்டு என்றால் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும் என்ற நினைப்பு. 43 நகல்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அனுப்பினேன். கேமரா பதிவைப் பென் டிரைவில் போட்டு, அடிவாரம் போகிற வேனில் கொடுத்துவிட்டேன்.

போன வாரம், வருடா வருடம் குடும்பத்தோடு வரும் ஈரோட்டு அம்மா ஒருவர் பேசினார். ஆதாரை வைத்து யாரோ கடன் வாங்கிய செய்தியைப் படித்திருக்கிறார். "எங்கள் நகல் உங்களிடம் பத்திரமாக இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். போனை வைத்த பிறகுதான் நான் சொன்னது பொய் என்று உறைத்தது.

நான் காவல்துறைக்கு எதிரானவன் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ராத்திரியில் ஒரு வண்டி ஏறி வந்தால் அவர்கள் ஜீப் நிற்பதைப் பார்த்துத்தான் தைரியம் வருகிறது. ஆனால் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதானா? எங்கேதான் எழுதி வைத்திருக்கிறது?


செவ்வாய்ப்பேட்டை கொலுசு எழுதியது:

அண்ணா, கொடுத்ததில் தப்பே இல்லை. இரண்டு வருடம் முன்பு எங்கள் பட்டறையிலிருந்து ஆறு கிலோ வெள்ளியை வண்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுத்த அதே மணி நேரத்தில் இரண்டு போலீசார் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். வளையல் கடை, எண்ணெய் மண்டி, மருந்துக் கடை, எல்லா கேமராவையும் பார்த்துப் புதிய பஸ் நிலையம் வரை தடம் பிடித்தார்கள். மூன்றாம் நாள் சரக்கு கைக்கு வந்தது. அந்தக் கடைக்காரர்கள் "எழுத்தில் கொடுங்கள்" என்று நின்றிருந்தால் வெள்ளி உருகிக் கட்டியாகியிருக்கும். உருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

1998 பிப்ரவரி 14, கோவை. 58 உயிர். என் சித்தப்பா அன்றைக்கு ஆர்.எஸ்.புரத்தில் சரக்கு கொடுக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. முன்கூட்டியே ஒரு போனைக் கேட்டிருந்தால் தடுத்திருக்கலாம் என்றால், என் போனையும் சேர்த்துக் கேட்கட்டும்.


அஸ்தம்பட்டி வழக்கறிஞர் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு.

கொலுசு தம்பியின் விஷயத்தில் புகார் இருக்கிறது, குற்றம் இருக்கிறது, நேரம் தெரியும், பாதை தெரியும். கேட்டது அந்தப் பாதையில் இருந்த கேமராவை மட்டும். மிளகுக்கொடி சார் விஷயத்தில் 43 பேரில் யார்மேல் சந்தேகம் என்றே சொல்லப்படவில்லை. ஒருவரைத் தேட ஒரு மாதத்து விருந்தாளிகள் அத்தனை பேரும் வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி.

சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91. விசாரணைக்கு ஒரு ஆவணமோ மின்னணுப் பதிவோ தேவை என்றால் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிட்டுக் கேட்கலாம். அந்த உத்தரவு மின்னணு வடிவிலும் இருக்கலாம் என்று புதிய சட்டமே சொல்கிறது. அதனால் "எழுதிக்கொண்டிருந்தால் வெள்ளி உருகிவிடும்" என்பது இனி பொருந்தாது. வழக்கு எண், என்ன தேவை, யார் கேட்கிறார், மூன்று வரியைப் போனிலேயே தட்டி அனுப்பலாம்.

அரசமைப்பு என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் 21ஆம் உறுப்பின் கீழ் அடிப்படை உரிமை என்றார்கள். ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி புட்டசாமி போட்ட வழக்கு. அந்த உரிமையில் அரசு கை வைக்கலாம், ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், எடுக்கும் அளவு நோக்கத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும். கொசு அடிக்கக் கோடாரி எடுக்கக் கூடாது என்பது என் வார்த்தை, தீர்ப்பில் இல்லை.

போன் ஒட்டுக்கேட்பின் கதை இன்னும் நீளம். 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டம். அதில் 5(2) என்ற பிரிவு "பொது அவசரநிலை" அல்லது "பொதுப் பாதுகாப்பு" என்றால் செய்தியை இடைமறிக்கலாம் என்றது. யார் கையெழுத்துப் போடுவது, எத்தனை நாள், யார் சரிபார்ப்பது என்று விதி எழுதச் சட்டமே அதிகாரம் கொடுத்திருந்தது, எழுதத்தான் ஆளில்லை. 1996 டிசம்பரில், பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தானே அந்த வெற்றிடத்தை நிரப்பியது: உள்துறைச் செயலாளர்தான் உத்தரவிட வேண்டும், இரண்டு மாதம், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதம், ஒரு மறுஆய்வுக் குழு. அதை அரசு 419ஏ என்ற முழு விதியாக எழுதியது 2007இல். சட்டம் வந்து 122 வருடம் கழித்து. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் ஆத்திரம் வரும்.


சட்டக் கல்லூரி மூன்றாமாண்டு எழுதியது:

அக்கா, அந்த மறுஆய்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்டச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் இரண்டு செயலாளர்களும். உத்தரவு போடுகிறவரும் செயலாளர், சரிபார்க்கிறவர்களும் செயலாளர்கள். நீதிபதி ஒருவர்கூட இல்லை, சட்டமன்றத்தைச் சேர்ந்தவரும் இல்லை.

2018இல், தரவுப் பாதுகாப்புக்காக மத்திய அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தன் அறிக்கையில் ஒரு எண்ணிக்கை கொடுத்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அந்த மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் பார்த்தாலும் ஒரு உத்தரவுக்கு இரண்டு விநாடி கூட வராது. பெயரைப் படித்து முடிக்கவே அந்த நேரம் போதாது.


குகை ஏட்டு எழுதியது:

34 வருடம் சேவை செய்து ஓய்வு பெற்றவன். என் பக்கத்தையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒட்டுக்கேட்பு எங்கள் மட்டத்துக்கு வந்ததே இல்லை. அது மேலே. எங்களுக்கு வந்ததெல்லாம் "அந்த லாட்ஜ் லிஸ்டை வாங்கி வா", "அந்தக் கடை ஃபுட்டேஜை எடுத்து வா" என்பதுதான். எழுத்தில் யாரும் தர மாட்டார்கள். நானும் வாயால்தான் கேட்டு வாங்கினேன், நூறு முறையாவது. பெரும்பாலும் நல்ல காரணத்துக்குத்தான். ஒரு ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் நான்கு வயதுக் குழந்தை காணாமல் போனது. கடை கேமரா ஒன்றில் சிவப்புச் சட்டை தெரிந்தது, இரண்டு மணி நேரத்தில் பிடித்துவிட்டோம். அந்தத் தாய் என் காலில் விழுந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கெட்ட காரணமும் ஒன்று சொல்கிறேன். அதிகாரி ஒருவரின் உறவினருக்கு, வீட்டைவிட்டுப் போன பெண் எங்கே தங்கியிருக்கிறாள் என்று தெரிய வேண்டியிருந்தது. வழக்கு எதுவும் இல்லை. லாட்ஜ் லிஸ்ட் வாங்கி வந்தது நான். அவள் மேஜர், விருப்பப்பட்டுக் கல்யாணம் செய்தவள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்று நினைத்து எத்தனையோ இரவு தூங்காமல் இருந்திருக்கிறேன்.

ஆகவே எழுத்து என்பது உங்களுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை, கீழே இருக்கிற காவலருக்கும்தான். "எழுதிக் கொடுங்கள் ஐயா" என்று சொல்ல அவனுக்குச் சட்டம் ஒரு பிடி கொடுக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் நீதிபதியிடம் போ என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராத்திரி ஒரு மணிக்குக் கடத்தல் என்று தகவல் வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?


சட்டக் கல்லூரி மூன்றாமாண்டு எழுதியது:

ஏட்டையா, இதை எழுதியதற்கு நன்றி.

ராத்திரி ஒரு மணிப் பிரச்சினைக்கு மற்ற நாடுகளில் வழி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கையெழுத்துப் போட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவர் ஒப்புக்கொண்டால்தான் உத்தரவு செல்லும். அவசரம் என்றால் முதலில் செய்யலாம், சில நாளுக்குள் ஆணையரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அமெரிக்காவில் 1968 முதல் குற்ற வழக்கு ஒட்டுக்கேட்புக்கு நீதிபதி உத்தரவு கட்டாயம். அதைவிட முக்கியமானது, ஒட்டுக்கேட்பு முடிந்த 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்கே "உன் பேச்சைக் கேட்டோம்" என்று தெரிவிக்க வேண்டும், நீதிபதி தள்ளிவைத்தால் தவிர. நம்மிடம் இந்தத் தெரிவிப்பு அறவே இல்லை. தெரியாத ஒன்றை எதிர்த்து யார் வழக்குப் போட முடியும்?


ஆத்தூர்ப் பேரன் எழுதியது:

"ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்" என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு எங்கள் அப்பாயி நினைவு வரும். இங்கே அந்த வார்த்தையில் யாரும் எழுதவில்லை, ஆனாலும் கொலுசு அண்ணன் சொன்னது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

எங்கள் சனத்தை வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரை என்று எழுதி வைத்தான். எங்கள் ஊரில் கைரேகைச் சட்டம் என்பார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. உப்பு வியாபாரம் செய்து, கழுதை ஓட்டி, ஊர் ஊராகப் போன மக்கள். அப்பாயியின் அப்பா ஒரு திருட்டு வழக்கும் இல்லாதவர். ஆனாலும் பத்து விரலும் உருட்டிக் கொடுக்க வேண்டும், வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், ராத்திரியில் ஸ்டேஷன் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும். கல்யாணம் ஆன அன்று ராத்திரியும் அங்கேதான் படுத்தாராம். அப்பாயி இதைச் சொல்லும்போது அழ மாட்டார், குரல் மட்டும் தணிந்துவிடும்.

சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் போனது. அடுத்த வருடமே, 1948இல், வழக்கக் குற்றவாளிகள் சட்டம் என்று ஒன்று வந்தது. பெயர் மாறியது, பதிவேடு மாறவில்லை என்பார் அப்பா.

2022இல் அடையாளம் காணும் நடைமுறைச் சட்டம் வந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கைதானவரிடம் விரல் ரேகையோடு கருவிழி, விழித்திரை, உடல் மாதிரிகள் வரை எடுக்கலாம், 75 வருடம் வைத்திருக்கலாம். வழக்கே இல்லாமல் விடுதலையானால் அழிப்பார்கள் என்று சட்டம் சொல்கிறது. யார் போய்ப் பார்ப்பது? கண்காணிப்பு எல்லார்மேலும் ஒரே மாதிரி விழாது. பட்டறை முதலாளியின் போனைக் கேட்பதும் எங்கள் தெருப் பையனின் போனைக் கேட்பதும் ஒன்றாக முடியாது.


செவ்வாய்ப்பேட்டை கொலுசு எழுதியது:

தம்பி, இது எனக்குத் தெரியாது. எங்கள் பட்டறையில் வேலை பார்த்த ஒருவரை, களவு போனபோது முதலில் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்கள். அவர் உங்கள் சனம். ஏன் அவரை மட்டும் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது.


அம்மாபேட்டை தறி எழுதியது:

வயதானவன், கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். இது நம் சேலத்துக் கதையும்கூட.

1950 ஜனவரி 26 அன்று அரசமைப்பு வந்தது. பதினாறே நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள்மேல் துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்தார்கள், பலர் மலபார்க்காரர்கள். மார்ச் 1 அன்று சென்னை அரசு, பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி வாரப் பத்திரிகையை மாகாணத்துக்குள் வரவிடாமல் தடை செய்தது. ஆசிரியர் ரோமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். மே 26 அன்று தீர்ப்பு: அரசின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால்தான் பேச்சுரிமையில் கை வைக்கலாம், "பொது ஒழுங்கு" என்பது பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளைச் சொல்லும் 19(2)இல் இல்லவே இல்லை, தடை செல்லாது.

அடுத்து என்ன நடந்தது? 1951 ஜூனில் முதல் திருத்தம். "பொது ஒழுங்கு", "அயல்நாடுகளுடன் நட்புறவு", "குற்றத்துக்குத் தூண்டுதல்" என்ற சொற்கள் 19(2)இல் ஏறின. "நியாயமான" கட்டுப்பாடு என்ற சொல்லும் அப்போதுதான் வந்தது, அது நமக்குக் கிடைத்த நல்லது. முதல் பொதுத் தேர்தலே நடக்காத தற்காலிக நாடாளுமன்றம் செய்த வேலை. அப்போது உள்துறை அமைச்சர் யார்? சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, இந்த ஊர் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி. 1921இல் வேலூர்ச் சிறையில் இருந்தவர். விசாரணையில்லாத் தடுப்புக் காவல் சட்டத்தின் நீட்டிப்பையும் 1951இல் அவரேதான் கொண்டுவந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சிறையில் இருந்தவர் கைக்கே சாவி வந்தபோதும் பூட்டு இறுகியது. நல்ல மனிதர் நாற்காலியில் இருக்கிறார், போதும் என்று நாம் இருந்துவிட முடியாது.

அதே சொற்களைத்தான் 1972இல் தந்திச் சட்டத்தின் 5(2)இலும் எழுதிவைத்தார்கள். பேச்சை அடக்க எழுதிய வார்த்தை பேச்சைக் கேட்கவும் பயன்பட்டது. 1947இலேயே அரசமைப்பு அவையில் சோம்நாத் லாகிரி கடிதப் போக்குவரத்தின் ரகசியத்தை அடிப்படை உரிமையாக்கக் கேட்டார். 1948இல் காஜி சையத் கரிமுதீன் நியாயமற்ற சோதனைக்கும் பறிமுதலுக்கும் எதிராக ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இரண்டும் ஏறவில்லை.


அஸ்தம்பட்டி வழக்கறிஞர் எழுதியது:

தறி ஐயா சொன்ன இடத்திலிருந்தே தொடர்கிறேன்.

2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு கொடுத்தார். லஞ்ச வழக்கில் 2011இல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். காரணம்: குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டுமே "பொது அவசரநிலை"யும் ஆகாது, "பொதுப் பாதுகாப்பு"ம் ஆகாது. அந்த வார்த்தையை விரிக்க வேண்டும் என்றால் அது சட்டமன்றங்களின் வேலை, நீதிமன்றத்தின் வேலை இல்லை. அதே சமயத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு ஊழல் வழக்கில் ஒட்டுக்கேட்பைச் சரி என்றது. சென்னையில் ஒன்று, டெல்லியில் ஒன்று.

ஊழலைப் பிடிக்க ஒட்டுக்கேட்பு வேண்டுமா? வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். வேண்டும் என்றால் எந்தக் குற்றங்களுக்கு, யார் உத்தரவோடு என்று சட்டத்தில் எழுதுங்கள். அதற்குத்தான் 2023 டிசம்பரில் வாய்ப்பு வந்தது. தந்திச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம். 18ஆம் தேதி மசோதா, 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் அந்தக் கூட்டத்தொடரில் சஸ்பெண்ட். மசோதாவை விரிவாக ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போகவில்லை. 20(2)ஐப் படித்துப் பாருங்கள், அதே "பொது அவசரநிலை", அதே "பொதுப் பாதுகாப்பு". பாதுகாப்பு நடைமுறை எல்லாம் மறுபடியும் விதிகளுக்கு. விதியை அரசே எழுதும், அரசே மாற்றும். நான் கேட்பது இது ஒன்றுதான்: யார் கையெழுத்து, எத்தனை நாள், யார் மறுபார்வை, பிறகு யாருக்குத் தெரிவிப்பது, இந்த நான்கும் சட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மிளகுக்கொடி சாருக்கு இன்னொன்று. 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. விருந்தாளி தரவைப் பத்திரமாக வைக்க வேண்டிய பொறுப்பு நான்கு அறை வைத்திருக்கிற உங்களுக்கும் உண்டு. தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில், மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளை நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகச் சட்டத்திலிருந்தே முழுதாக விலக்கிவிடலாம்.


குகை ஏட்டு எழுதியது:

மேடம், டெல்லியை நாம் இங்கிருந்து அசைக்க முடியாது. நம் கைக்கு எட்டியது ஏதாவது உண்டா?


அஸ்தம்பட்டி வழக்கறிஞர் எழுதியது:

உண்டு ஏட்டையா. தொலைத்தொடர்பு மத்தியப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்கள். தெருக் கேமரா, முக அடையாள மென்பொருள், லாட்ஜ் பதிவேடு, இதற்கெல்லாம் தமிழ்நாடு சட்டமன்றமே சட்டம் போடலாம். இப்போது இந்த மென்பொருள் பயன்பாட்டுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2024 மே மாதம் நம் காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்ட செய்தி வந்ததே, உள்ளே இருந்தது நம் மக்களின் விவரம். கேமரா பதிவு எத்தனை நாள் இருக்கலாம், முகத்தை எந்தப் பட்டியலோடு ஒப்பிடலாம், அந்தப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க எங்கே மனுப் போடுவது, எல்லாம் எழுதலாம். கசிந்தால் யார் பொறுப்பு என்பதையும். சேலம் மாவட்டத்தில் 11 தொகுதிகள். பேரவையில் மனுக்கள் குழு இருக்கிறது. ஆத்தூர்த் தம்பியும் நீங்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் அதைப் படிக்காமல் வைக்க முடியாது. வரைவை நான் எழுதுகிறேன்.


ஆத்தூர்ப் பேரன் எழுதியது:

நான் போடுகிறேன். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும் வழி முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.


குகை ஏட்டு எழுதியது:

நானும். அதிகாரி எழுதிக் கொடுக்காவிட்டால் காவலர் மறுக்கலாம், அதற்காக அவர்மேல் நடவடிக்கை கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள் மேடம்.


நாகலூர் மிளகுக்கொடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு நேற்றும் இன்றும் போன் போட்டேன். 43 நகல், ஆனால் குடும்பமாக வந்தவர்களைச் சேர்த்தால் 14 எண்கள்தான். 11 பேர் எடுத்தார்கள். உங்கள் ஆதார் நகலை வாய்மொழியாகக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன், அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று சொன்னேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் பரவாயில்லை விடுங்கள் என்றார். ஒரு பையன் பயந்துபோய், அன்றைக்கு அவனோடு வந்த பெண்ணின் நகலும் போனதா என்று மூன்று முறை கேட்டான். போனது என்றேன். அப்புறம் அவன் பேசவே இல்லை.

ஈரோட்டு அம்மாவுக்குக் கடைசியாகப் போட்டேன், தைரியம் வரவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "எதற்காகக் கேட்டார்களாம்?" என்றார். தெரியாது அம்மா, நான் கேட்கவில்லை என்றேன். "இப்போதாவது கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

நாளைக்குக் காலையில் எழுதி எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போகிறேன். மேடம், 94ஆம் பிரிவின் வாசகத்தைத் தமிழில் அனுப்பினால் மனுவோடு சேர்த்துவிடுவேன்.